சலூன் கண்ணாடியும் உன் தத்துவமும்

கொடைக்கானல்

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே விடாத மழை. படியில் வழுக்கி முட்டி வீங்கி, வீட்டோடு கிடந்தேன். கடிதத்தை மூன்று முறை படிக்க அதுவும் வசதியாகப் போயிற்று.

ரிகர்ஷன்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்கிறாய். தன்னையே திரும்ப அழைக்கும் விதி. உயிரும் அதுதான், 'நான்' என்கிற நினைப்பும் அதுதான், இருப்பே அதுதான் என்று. முப்பது வருஷம் அதையே பாடம் எடுத்தவனை மயக்கப் பார்க்கிறாய். பாதி மயங்கியும்விட்டேன்.

1970இல் கணித அறிஞர் கான்வே கண்டுபிடித்த 'லைஃப்' விளையாட்டை நினைத்துப் பார். கட்டம் கட்டமான பலகை, ஒவ்வொரு கட்டமும் எரியும் அல்லது அணைந்திருக்கும். ஒரு கட்டம் அடுத்த சுற்றில் எரிவதும் அணைவதும் அதன் இப்போதைய நிலையையும் பக்கத்து எட்டுக் கட்டங்களையும் பொறுத்தது. அவ்வளவுதான் விதி. ஒவ்வொரு சுற்றின் விடையையும் அதே விதிக்குள் திரும்பப் போட்டுக்கொண்டே வா. 'கிளைடர்' என்று ஐந்து கட்டத்து உருவம் ஒன்று, நாலு சுற்றுக்கு ஒரு கட்டம் குறுக்காக நகரும். நகர்வதைப் பற்றி விதியில் ஒரு சொல்கூடக் கிடையாது. இந்த இடத்தில் உன் கட்சிதான் நான்.

ஆனால் நேற்று முடிவெட்டப் போனேன். முன்னும் பின்னும் கண்ணாடி. என் வழுக்கைக்குள் வழுக்கை, அதற்குள் இன்னொன்று. உள்ளே போகப் போகப் பச்சை படிந்து மங்கிப்போகிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. சரி, இத்தனை பிம்பத்தில் கண்ணாடிக்கு என்ன தெரிந்தது? தன்னைத் திரும்பக் காட்டுவதே பிரக்ஞை என்றால் இந்த ஊர் சலூன்களெல்லாம் எப்போதோ ஞானம் பெற்றிருக்கும்!

நீ சொன்ன கணித அறிஞர் கோடலும் அப்படித்தான். 1931இல் எண்கணிதத்துக்குள்ளேயே தன்னைப் பற்றிப் பேசும் வாக்கியத்தை அமைத்துக் காட்டினார். அபாரம். ஆனால் அந்த வாக்கியத்துக்குக் கூச்சம் வராது. எனக்கு வந்தது. வழுக்கையைப் பார்த்ததும் தலையைச் சாய்த்தேன். உள்ளே அத்தனை பேரும் சாய்த்தார்கள். பார்த்தது பார்த்தவனை மாற்றியது, அவன் மாறியதும் பார்த்ததும் மாறியது. உன் தத்துவத்தில் இதற்கு இடம் வை, மீதிப் பாதியும் மயங்குகிறேன்.

2018இல் குறிஞ்சி பார்க்க வந்தபோதும் இதே சண்டைதான். அடுத்த பூ 2030இல். அதுவரை பொறுக்க முடியாது, தை பிறந்ததும் வா. அப்புறம், போன தடவை எடுத்துப்போன என் ஸ்வெட்டரையும் கொண்டு வா.

உன்,
வேலு