இரண்டாம் குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோரே,

வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறாம் வகுப்பில் முதல் நாளன்று நான் பாடம் நடத்துவதில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, தம் பெயரையும் அதன் பொருளையும் சொல்லச் சொல்வேன். ஓராண்டு ஒரு சிறுமி எழுந்து பெயரைச் சொன்னாள். பொருள் என்னவென்று கேட்டேன். "அக்கா பேரோட சேர்ற மாதிரி வெச்சாங்க டீச்சர்" என்றாள். வேறு பொருள் இல்லையா என்று கேட்டதற்கு, "அக்கா பேருக்குத்தான் அர்த்தம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் உலக வழக்கம் என்பதுபோல் சொன்னாள். அந்த விடையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மூத்த குழந்தையின் பெயருக்குப் பொருத்தமாக இளைய குழந்தைக்கும் ஒரு பெயர் அமைய வேண்டும் என்று நீங்கள் விரும்புவதில் தவறேதும் இல்லை. இரண்டு பெயர்களையும் சேர்த்து அழைக்கும்போது ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பொருத்தம் பெரும்பாலும் ஒலியிலேயே தேடப்படுகிறது: முதலெழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், முடியும் எழுத்தும் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது, நடுவில் ஓரெழுத்து மாறினால் போதும் என்கிறார்கள். பொருத்தத்தைப் பொருளிலும் மொழியிலும் தேடுங்கள், ஒலியை விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தோ, இப்போது சில வீடுகளில் தாய் தந்தை இருவர் பெயரின் முதலெழுத்துகளுமோ தலைப்பெழுத்தாக நிற்கின்றன. உடன்பிறந்தவர்களுக்கு அந்தத் தலைப்பெழுத்து ஒன்று, பெற்றோர் பெயர் ஒன்று, முகவரி ஒன்று, படிக்கும் பள்ளியும் பெரும்பாலும் ஒன்று. எனவே ஓர் ஏட்டிலோ அட்டையிலோ அவர்களைப் பிரித்துக் காட்டும் வேலை முழுவதும் அந்த ஒற்றைப் பெயரின் மேல் விழுகிறது. இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் இரண்டு பெண்களுக்கும் முதல் இரண்டெழுத்து ஒன்றாகவே வரும்படி பெயர் வைத்தேன். வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயரும் தானாகவே ஒன்றாகிவிட்டது. இருவரும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் விழுந்தபோது, ஒரு மருத்துவமனையில் பெரியவளின் இரத்தப் பரிசோதனைத் தாள் சின்னவளின் படுக்கையில் செருகப்பட்டிருந்தது. வயதைப் பார்த்து நான் கண்டுபிடித்ததால் தீங்கு நேரவில்லை. அன்றிரவு அந்தப் படுக்கையருகே உட்கார்ந்திருந்தபோது, அழகு என்று நினைத்து நான் செய்த காரியம் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

ஆங்கில எழுத்துக்குப் போகும்போது இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. தமிழில் குறில் நெடிலும், லகர ளகரமும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு கரைந்துபோகிறது. தரணி, தாரணி என்று இருவருக்குப் பெயர் வைத்தால் கடவுச்சீட்டில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படக்கூடும். வளவனும் வலவனும் அப்படித்தான். நிலனும் நீலனும் அப்படித்தான். இரண்டு பெயர்களையும் இரு மொழியிலும் ஒருமுறை எழுதிப் பார்த்தால் இது உடனே புலப்படும்.

ஒலி ஒன்றாமலே இரண்டு பெயர்கள் இணைந்து நிற்க முடியும் என்பதற்கு ஆற்காட்டு முதலியார் இரட்டையரைக் காட்டுவேன். 1887-இல் பிறந்த அவ்விருவருக்கும் ராமசாமி, லட்சுமணசாமி என்று பெயரிட்டார்கள். தலைப்பெழுத்து ஒன்று, முகச்சாயல் ஒன்று, கேட்டவுடனே அண்ணன் தம்பி என்று தெரிந்துவிடும். ஆயினும் ஒருவர் பெயரை மற்றவர் பெயராகக் கேட்க வழியே இல்லை. ராமசாமி முதலியார் 1946-இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். லட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். கதை தெரிந்தவர்க்கு இணைப்பு விளங்கும்; தெரியாதவர்க்கும் அவை தனித்தனியாக நிற்கும் இரண்டு பெயர்கள்.

மறுபக்கம் பாரி மகளிரை எண்ணிப் பாருங்கள். புறநானூற்றின் 112-ஆம் பாடலான "அற்றைத் திங்கள்" அவர்கள் பாடியது. அங்கே அவர்கள் பெயர் சுட்டப்படவில்லை. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பின்னர் வந்த வழக்கில் கிடைத்தவை. எதுகையோடு இனிமையாக ஒலிக்கும் பெயர்கள்தாம். ஆனால் இவ்விருவரில் மூத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் தயங்காமல் சொல்வோம்? ஒரு பெயரைத் தனியாக உச்சரிக்கவே நம் நாக்கு பழகவில்லை. குந்தவையையும் அருள்மொழியையும் எவரும் அப்படிக் குழப்பிக்கொள்வதில்லை. அரசனாகி இராசராசன் என்று பெயர் பெற்ற அருள்மொழி, தான் கொடுத்தவற்றோடு அக்கன், அதாவது தமக்கை குந்தவை, கொடுத்தவற்றையும் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லில் வெட்டச் செய்தான். தன் மகளுக்கும் அக்கன் பெயரையே வைத்தான். உடன்பிறந்த பாசத்தைக் காட்ட ஓசை ஒற்றுமை அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நம் பழைய வழக்கமும் மூத்த குழந்தையைப் பார்த்துப் பெயர் வைத்ததில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பல குடும்பங்களில் முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் வரும். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. இதில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்குப் பின்னாலும் ஒரு முன்னோர் இருந்தார். பெரியசாமி, சின்னசாமி என்றும் பெரிய மருது, சின்ன மருது என்றும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டவர்களும் உண்டு. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு வகைப் பெயரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேண்டாம், போதும்பொண்ணு என்ற பெயர்களை நான் வருகைப் பதிவேட்டிலிருந்து உரக்கப் படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் என் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். முன்னே பிறந்தவர்கள் பெண்கள் என்பதால் பின்னே பிறந்தவளுக்கு வைக்கப்பட்ட பெயர்கள் அவை. உங்கள் செயலும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. உங்கள் மனத்தில் அன்பு இருக்கிறது. ஆயினும் அக்காளைப் பார்த்து மட்டும் வைக்கிற பெயரில், பிறந்திருக்கும் குழந்தையை நாம் பார்க்கவே இல்லை என்பது இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

மூத்தவன் கபிலன் என்றால் இளையவனுக்குப் பரணன் என்று வைக்கலாம். கபிலபரணர் என்று இலக்கண ஆசிரியர்களே உம்மைத்தொகைக்கு எடுத்துக்காட்டாகச் சேர்த்து வைத்த பெயர்கள் அவை. மூத்தவள் முல்லை என்றால் இளையவள் குறிஞ்சியாகலாம். வைகைக்குத் தங்கை பொருநையாகலாம். ஒருத்திக்குத் தூய தமிழ்ப் பெயரும் மற்றவளுக்கு எவருக்கும் பொருள் தெரியாத ஒரு புதுப்பெயரும் வைப்பதைத் தவிருங்கள். என் வகுப்பில் எழுந்து நின்ற சிறுமிக்கு நேர்ந்தது அதுதான். நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்கள், இளைய குழந்தையின் நட்சத்திரம் வேறாக இருந்தால் எழுத்தும் வேறாகத்தான் வரும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். அசுவினிக்குச் சு, சே, சோ, லா என்று இருக்க, அக்காள் பெயர் 'ய'வில் தொடங்குகிறது என்பதற்காகச் சோதிடரை வற்புறுத்துவானேன்?

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பிறகும் சேர்க்கலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைப் பதிய வழி இருக்கிறது. ஆனால் பதிந்த பெயரை மாற்றுவது எளிதன்று. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, வாக்காளர் பட்டியல், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் அந்தப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே சான்றிதழில் ஏறுவதற்கு முன் சில வாரங்கள் அந்தப் பெயரால் குழந்தையை அழைத்துப் பாருங்கள். வாசலில் நின்று மூத்தவளை ஒருமுறை, இளையவளை ஒருமுறை உரக்கக் கூப்பிடுங்கள்.

மூத்த குழந்தை பேசும் வயதை எட்டியிருந்தால், பெயர் சூட்டும் நாளில் பெரியவர்கள் காதில் மூன்று முறை சொல்லி முடித்த பின், அவளையும் தொட்டிலருகே அழைத்துச் சொல்லச் செய்யுங்கள். இனி நாள் முழுவதும் அந்தப் பெயரைக் கூப்பிடப்போகிறவள் அவள். அவள் நாக்கில் அது புரளவில்லையென்றால், பதிவதற்கு முன் மாற்றிக்கொள்ள உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியை