ஒப்புதல் பட்டன் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக்கில் அனுமதி கேட்கவும் ஒப்புதல் தரவும் நாங்கள் தரும் சேவையைப் பற்றி, பத்து நாளாக ஒரு ஸ்கிரீன்ஷாட் கைமாறிக்கொண்டே இருக்கிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "இது உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள். அதில், ஸ்லாக் சேனலில் (குழு உரையாடலில்) ஒருவர் டேட்டாபேஸைப் பார்க்க இரண்டு மணி நேர அனுமதி கேட்கிறார். அவருடைய மேலாளர் அழுத்த வேண்டிய 'ஒப்புதல்' பட்டனைக் குழுவில் இருக்கும் வேறொருவர் அழுத்துகிறார். உடனே பச்சைக் குறியோடு 'அனுமதிக்கப்பட்டது' என்று வருகிறது. "யார் அழுத்தினாலும் கதவு திறக்கும்" என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள்.

கதவு திறக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஸ்லாக்கில் ஒரு பட்டனை யாராவது அழுத்தினால், 'கிடைத்தது' என்று எங்கள் சர்வர் 3 விநாடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தாமதமானால் அழுத்தியவருக்குப் பிழை என்று காட்டும். அந்த அவசரத்தில் நாங்கள் சேனலில் இருக்கும் செய்தியை முதலில் மாற்றிவிட்டு, அழுத்தியவருக்கு உரிமை உண்டா என்பதை அப்புறம் சரிபார்த்தோம். அந்தச் சரிபார்ப்பு ஒருமுறைகூட விட்டுப்போகவில்லை. உரிமை இல்லாதவர் என்று தெரிந்ததும் கோரிக்கை அங்கேயே நின்றுவிட்டது. பச்சைக் குறியைத் திரும்ப எடுக்கத்தான் நாங்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை. அனுமதி போகவில்லை, போனதாகச் செய்தி மட்டும் சொன்னது. இது ஸ்லாக்கின் தவறு அல்ல, முழுக்க எங்களுடையது. ஆனாலும் 'யார் அழுத்தினாலும் திறக்கும்' என்று படித்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அது நடக்கக் கூடாது என்பதற்காகவே தொடங்கிய நிறுவனம் இது.

படம் வந்த அன்றே, யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவை (லாக்) திறந்து பார்த்தேன். அழுத்தியவரின் அடையாளம், நேரம், பக்கத்தில் 'மறுக்கப்பட்டது' என்று எல்லாம் அப்படியே இருந்தது. இந்தப் பதிவைச் சேனலை நம்பி விடாமல் தனியாக வைத்திருக்கிறோம். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. தணிக்கைக்கு வருபவரிடம் எதைக் காட்டுவது? உங்கள் அட்மின் பக்கத்தில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது முதல் பதிலில் 'சரிபார்க்கிறோம்' என்று மட்டுமே வரும். பட்டனும் சேனலுக்கு வராது. ஒப்புதல் தருபவரின் தனிச் செய்திக்கே போகும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலியிலும் அப்படித்தான். எதற்காக அனுமதி என்று ஒரு வரி எழுதினால்தான் கோரிக்கை நகரும். வேலை இழுக்கிறது என்று சிலர் சொல்கிறீர்கள், புரிகிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர், ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு உள்நுழைவு ஒப்புதல் கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். கடைசியில் அந்தப் பணியாளர் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டார். வருவதையெல்லாம் அழுத்தித் தள்ளும் பழக்கம் யாருக்கும் வரலாம். அந்த ஒரு வரிதான் கையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும்.

ஒப்புதல் தருபவர் விடுப்பில் இருந்தால் கோரிக்கை மாற்று ஒப்புதலாளரிடம் போகும். மாற்று இல்லையென்றால் காத்திருக்கும். இரவுப் பணியைப் பார்த்துவந்தவர் விலகிவிட்டதால், அடுத்த மாதம் முதல் இரவில் வரும் கேள்விகளுக்குக் காலையில் பதில் தருவோம்.

படத்தைப் பார்த்ததும் வெளியே பரப்பாமல் முதலில் எங்களிடம் கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஒருவர் தன் சோதனைச் சேனலில் அதையே செய்து பார்த்து, பச்சைக் குறி வந்த பிறகும் டேட்டாபேஸ் திறக்காததை வீடியோவாக எடுத்து அனுப்பினார். பிழை எந்த வரியில் இருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் அரை மணி நேரத்தில் பிடித்தோம். அவருக்கும், முதல் வருடத்திலிருந்து எங்களோடு இருக்கும் உங்களுக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உங்கள் கணக்கில் மாற்று ஒப்புதலாளர் இடம் காலியாக இருந்தால், இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். அட்மினிடம் உறுதி செய்துகொண்டு நானே சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
நிறுவனர்