தீயணைப்புப் பணியில் உள்ள பெண்களுக்குப் பொருத்தமான பாதுகாப்பு உடை, கழிப்பறை, கர்ப்பகால மாற்றுப்பணி கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தீயணைப்பாளர் (பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
உள்துறை, தலைமைச் செயலகம், சென்னை - 9.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 31 வருடம் தீயணைப்பு வண்டியில் ஓடியவன் நான். இப்போது என் மகளும் அதே வேலையில் இருக்கிறாள். எழுதவே வேண்டாம் என்றுதான் சொன்னாள், மனசு கேட்கவில்லை.

போன கோடையில் ஒரு குப்பைக் கிடங்கில் மூன்று நாள் தீ. அவளுக்குக் கொடுத்திருந்த கம்பூட் 8ஆம் நம்பர், அவள் கால் 5. முன்பக்கம் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு போயிருக்கிறாள். தண்ணீர் ஹோஸோடு நடக்கையில் குப்பைக்குள் கால் புதைந்து, பூட் உள்ளேயே மாட்டிக்கொண்டது. கால் மட்டும் வெளியே வந்தது. மேலே சாம்பல், அடியில் கங்கு. பாதம் கொப்பளித்துப் பத்து நாள் படுக்கை. புகைக்குள் மூச்சுவிட முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டர் கருவியான பி.ஏ. செட்டின் முகமூடியும் அவள் தாடையில் படிவதில்லை. இடுக்கு வழியாகக் காற்று கசிந்தால் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அந்த மூன்று நாளும் அவள் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. ஆண்கள் எங்காவது ஒதுங்கிவிடுவோம், அவள் எங்கே போவாள்? அப்புறம் சிறுநீர்த் தொற்றுக்கு வைத்தியம். நிலையத்தில் உடை மாற்றவும் தனி அறை இல்லை, கரி படிந்த சீருடையோடுதான் வீட்டுக்கு வருகிறாள். எங்கள் காலத்தில் அந்தக் கரி எங்களுக்குப் பெருமை. தீயணைப்புப் பணி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் அறிவித்த பிறகு, அந்தத் துணியைத் தொடவே கை கூசுகிறது.

மகப்பேறு விடுப்பை அரசு 2021 ஜூலை முதல் 12 மாதமாக்கியது நல்ல காரியம். சரி, விடுப்பில் போகும் வரை? புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் தாயைவிட அதிகநேரம் தங்கும். 'இதுக்குத்தான் பொம்பளைங்க வேண்டாம்னேன்' என்ற பேச்சுக்குப் பயந்தால் கர்ப்பத்தை மறைக்கத்தான் தோன்றும். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் தீயில் உள்ளே போய்ப் படுகாயமடைந்தவர்களில் ஒரு பெண் அதிகாரியும் உண்டு. பெண்களால் முடியுமா என்பது அன்றோடு முடிந்த பேச்சு.

ஆகவே பெண்களை அளவெடுத்து கோட், பூட், கையுறை, முகமூடி வாங்கவும், நிலையங்களில் தனிக் கழிப்பறையும் குளியலறையும் கட்டவும், நீண்டநேரத் தீக்கு நடமாடும் கழிப்பறை அனுப்பவும், சீருடையை நிலையத்திலேயே துவைக்கவும், கர்ப்பம் தெரிவித்த நாளிலிருந்து சம்பளமும் பதவி உயர்வும் குறையாமல் கட்டுப்பாட்டு அறைப் பணி தரவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். முதலில் பூட்ஸ், ஐயா. அடுத்த கோடைக்குள்.

இப்படிக்கு,
(ஒப்பம்)

இணைப்பு: மருத்துவச் சீட்டு நகல், பூட்டின் புகைப்படம்.