ஓவியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிருவாகசபை உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் செயலாளர் பொறுப்பை இரண்டாவது தடவையாக என்னிடம் தந்தீர்கள். அதன் பிறகு சங்கம் செய்தவற்றையும், தொடங்கி அரைவழியில் நிற்பவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நிருவாகசபை மாதந்தோறும் கூடியது. நிறைவெண் இல்லாத மாதங்களில் வந்தவர்கள் மட்டும் பேசிக் கலைந்தோம். தைப்பொங்கலை ஒட்டிச் சிறுவர் சித்திரப் போட்டி வழமைபோல் நடந்தது. பாடசாலை விடுமுறையில் நீர்வண்ணப் பயிற்சி நடத்தினோம். சங்கத்தின் அலுமாரியைக் கறையான் அரித்ததால் சிரமதானம் செய்து பழைய படங்களை வெயிலில் காயவைத்து எடுத்தோம். இவ்வருடம் எம்மைவிட்டுப் பிரிந்த மூத்த அங்கத்தவருக்கு அவருடைய வீட்டில் அஞ்சலி செலுத்தினோம்.

சிகிரியாக் குன்றில் உள்ள பழைய ஓவியங்களைப் பார்க்க ஒரு பயணம் போனோம். அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று, அது நல்லதாகவே முடிந்தது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்தில் பாறையில் தீட்டப்பட்ட பெண்களில் ஒருத்தியின் கையை ஓவியர் முதலில் ஒரு நிலையில் வைத்து, பிறகு மாற்றி வரைந்த தடம் இன்றும் தெரிகிறது. எங்களுடன் வந்த மாணவி ஒருவர் அதைக் கண்டு, "சேர், இவங்களும் மாத்தி மாத்தித்தான் கீறியிருக்காங்க" என்றார். இந்த வருடம் நான் கூடுதலாக உழைத்த வேலைக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குக் கிடைக்காது. ஆகவே அதற்கே வருகிறேன்.

வருடா வருடம் நாம் கண்காட்சி வைக்கிறோம். சட்டம் போட்ட படங்கள், பிரதம விருந்தினர், நாடா வெட்டு, குழுப்படம். வருபவர்கள் படங்களில் உள்ள மட்டக்களப்பு வாவியையும் பாலத்தையும் வெளிச்சவீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் மட்டும் நின்று, "இதை எப்படிக் கீறினீங்க?" என்று கேட்கிறார்கள். நாம் சொல்லும் பதில் "பழக்கம்தான்" அல்லது "கடவுள் தந்த வரம்". அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? தனக்கு அந்த வரம் இல்லை என்று நினைத்து, கைத்தொலைபேசியில் உள்ள ஒரு படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, அதையே சித்திரம் என்று சமர்ப்பிக்கும். சிறுவர் போட்டிக்கு வந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஒரு படம் உருவாகும் வழியைக் காட்ட வேண்டும் என்பதே என் எண்ணம். அதற்காகத்தான் "வேலைக் கொப்பி" முறையை நிருவாகசபையில் முன்மொழிந்தேன். சேர்ந்துகொள்ளும் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும். முதல் கோடு தொடக்கம் கலந்து பார்த்த வர்ணம், கைவிட்ட அமைப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். தாள் கிழிக்கக்கூடாது, அழிறப்பரும் கூடாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் ஓர் அங்கத்தவரின் வீட்டு விறாந்தையில் கூடி, கொப்பிகளை விரித்து வைத்துப் பேச வேண்டும். "இது நல்லாயிருக்கு, அது நல்லாயில்லை" என்ற பேச்சு அங்கே கிடையாது. "இந்த இடத்தில் ஏன் இப்படி மாற்றினீர்கள்?" என்பதுதான் கேள்வி.

இதற்கு எதிர்ப்பு இருந்தது. அதையும் அறிக்கையில் பதிவது என் கடமை. அரைகுறை வேலையை ஊருக்குக் காட்டுவது ஓவியனுக்கு மரியாதையில்லை என்று மூத்தவர்கள் சிலர் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள மதிப்பில் குறைவில்லை. ஆனாலும் அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. காரணத்தை அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

1937 ஜனவரியில் பாரிஸ் நகரக் கண்காட்சியின் ஸ்பானிய மண்டபத்துக்கு ஒரு பெரிய சுவரோவியம் வேண்டும் என்று பிக்காசோவைக் கேட்டார்கள். அவர் ஓவியனின் அறை என்ற கருவை வைத்துச் சில வரைவுகள் போட்டுப் பார்த்தார், வேலை நகரவில்லை. ஏப்ரல் 26ஆந் திகதி ஸ்பெயினின் குவர்னிக்கா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. மே முதலாந் திகதி அவர் அந்த அழிவையே கருவாக வைத்துப் புதிதாக வரையத் தொடங்கினார், ஜூன் தொடக்கத்தில் படம் முடிந்தது. ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரம், ஏழே முக்கால் மீற்றர் நீளம். இத்தனைக்கும் இடையில் டோரா மார் என்ற புகைப்படக் கலைஞர் அந்தக் கான்வஸ் துணியில் படம் மாறிமாறி வருவதைக் கட்டங்கட்டமாகப் படம்பிடிக்க அவர் இடங்கொடுத்தார். அதனால்தான் வீழ்ந்து கிடக்கும் வீரன் ஆரம்பத்தில் கைமுட்டியை உயர்த்திப் பிடித்திருந்தான் என்பது நமக்குத் தெரியும். பிறகு அந்தக் கை இல்லாமற் போயிற்று. கீழே கவிழ்ந்திருந்த குதிரையின் தலை நடுவில் நிமிர்ந்து அலறுகிறது. உயர்ந்த முட்டியை எடுத்ததும் படத்திலிருந்த அறைகூவல் போய், வலி மட்டும் நிற்கிறது. வழியில் எடுத்த படங்கள் இல்லையென்றால் அந்த முடிவு எவ்வளவு பெரிய முடிவு என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? அதனால் பிக்காசோவின் மரியாதை குறைந்துவிடவில்லை.

சரி, நம்முடைய விறாந்தையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களைத் தவிர்க்கிறேன், சம்பந்தப்பட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விடியற்காலையில் நகரப் பக்கக் கரையில் இருந்து கல்லடிப் பாலத்தைப் பார்த்து வரைபவர். அவருடைய கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே பாலம், ஒரே தோணி. மாறியது தண்ணீர் மட்டும். முதற் பக்கங்களில் வாவிக்குப் போத்தலில் உள்ள நீலத்தையே போட்டிருக்கிறார். பிறகு ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "நீலம் எங்கே?" என்று எழுதியிருக்கிறார். அதற்கடுத்த பக்கத்தில் அல்ட்ராமரீன் நீலமும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறங்கள், குளிர்ந்ததிலிருந்து சூடானதுவரை, நகத்தளவு கட்டங்களாக வரிசையாக இருக்கின்றன. சூரியன் கல்லடிப் பக்கம் எழும்ப முன்னர் ஒரு சாம்பல், எழும்பிய பிறகு இன்னொன்று. வெளிச்சம் மாறியதும் அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பாராம். பிரெஞ்சு ஓவியர் மொனே 1892லும் 1893லும் ரூவான் நகரத் தேவாலயத்துக்கு எதிரே அறை எடுத்து இதைத்தான் செய்தார். பல துணிகளைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் நகர நகர ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினார், பிறகு ஜிவெர்னியில் உள்ள தன் வேலையறையில் வைத்து முடித்தார். நம் ஆசிரியர் மொனேயைப் படித்து இதைச் செய்யவில்லை. வாவி அவரை அந்த வழிக்குக் கொண்டு வந்தது.

இளைஞர் ஒருவர் வடமோடிக் கூத்தை வரைய விரும்பினார். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்த முதல் வரைவில் கூத்து உடையான கரப்புடுப்பின் மணிகள்கூடச் சரியாக இருந்தன. ஆனால் ஆட்டக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைபோல் நின்றார். விறாந்தையில் ஒருவர், "மத்தளம் எங்க தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் ஊரில் கூத்துப் பழக்கும் இரவுகளில் ஆட்டம் நடக்கும் களரியின் ஓரத்தில் உட்கார்ந்து, தாளைப் பார்க்காமல் ஆட்டத்தை மட்டும் பார்த்துக் கரித்துண்டால் கோடு போட்டிருக்கிறார். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தாளம் மாற்றினால் தாளையும் மாற்றுவார். அந்தக் கோடுகளில் முகம் இல்லை, கை இல்லை. இடுப்புத் திரும்புவதும் கால் விழுவதும் மட்டும் உண்டு. முடிந்த படத்தில் ஒரே ஆட்டக்காரருக்குக் கால்கள் மூன்று நான்காக, ஒன்றன்மேல் ஒன்றாக, மெல்லிய வர்ணத்தில் விழுகின்றன. அந்தப் படத்துக்கு முன் நின்றால் காதில் மத்தளம் கேட்கிறது.

மூன்றாமவர் ஒரு தாய். கோயிலில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகியின் கதையான வழக்குரையைப் பாடும் இரவை வரைந்தவர். முதல் வரைவில் கோயில், பந்தல், பூசாரியார், சனம், விளக்கு எல்லாம் இருந்தன. எதையும் விட அவருக்கு மனம் வரவில்லை. மட்டையில் இரண்டு மூலைகள் வெட்டி, அவற்றைச் சட்டம்போல் வரைவின் மேல் நகர்த்திப் பார்க்கச் சொன்னோம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் வந்த கொப்பியில் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிலத்தில் இருக்கும் பெண்களின் முதுகும் கொண்டையும் மட்டும் மிஞ்சியிருந்தன. கோயில் இல்லை. ஒரு கழுத்தின் ஓரத்தில் விழும் மஞ்சள் வெளிச்சத்தில் கோயில் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. அதில் ஒரு மூலை இன்னும் வெறும் தாளாகக் கிடந்தது. "அதை ஏன் நிரப்பவில்லை?" என்று கேட்டபோது, "என்ன நிறம் என்று தெரியாமல் எப்படி வைப்பது?" என்றார். 1899இல் பிரெஞ்சு ஓவியர் செசான் தன் படவியாபாரி வொலாரை நூறு தடவைக்கு மேல் இருக்கவைத்து வரைந்த உருவப்படத்திலும் கையில் இரண்டு இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது. ஏதோ ஒரு நிறத்தை அங்கே வைத்தால் அதிலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் திரும்பச் செய்ய வேண்டி வரும் என்று செசான் சொன்னதை வொலாரே எழுதி வைத்திருக்கிறார்.

துணி தயார் செய்யும் அமர்வும் நடத்தினோம். கடையில் வாங்கும் கான்வஸ் இப்போது எல்லோருக்கும் கட்டுபடியாகாது. காடாத்துணியை நடுவிலிருந்து மூலைகளை நோக்கி இழுத்து அடிப்பது, அதில் தடவிய அடிப்பூச்சுக் காய்ந்த பிறகு மணல்தாளால் தேய்ப்பது, எண்ணெய் வர்ணத்தில் கீழ்ப்படையில் எண்ணெய் குறைவாகவும் மேற்படையில் கூடுதலாகவும் வைப்பது என்று எல்லாம் செய்து காட்டப்பட்டன. எண்ணெய் வர்ணம் தண்ணீர்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றை வாங்கி மெல்ல இறுகுகிறது. கீழே எண்ணெய் கூடிய படை இறுகுமுன் மேலே எண்ணெய் குறைந்த படை வைத்தால் வெடிக்கும். மாரியில் நம் பக்கத்து ஈரக்காற்றில் நீர்வண்ணத் தாளே காய மறுக்கிறது. ஆகவே அந்த மாதங்களில் வரைவுகளையும், தை பிறந்த பிறகு வர்ண வேலையையும் வைத்துக்கொள்வது நல்லது என்று பேசிக்கொண்டோம்.

இவ்வருடக் கண்காட்சியில் படங்களுக்குப் பக்கத்தில் கொப்பிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். மண்டபம் தருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்ததால் சிறிய இடத்தில்தான் வைக்க முடிந்தது. ஆனாலும் வந்தவர்கள் போகவில்லை. கொப்பியைப் புரட்டுவதும் படத்தைப் பார்ப்பதும் திரும்பப் புரட்டுவதுமாக நின்றார்கள். மீன்பிடித் தொழில் செய்யும் ஒருவர் ஆசிரியரின் கொப்பியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இதில தோணி தண்ணிக்குள்ள இருக்கு. பெரிய படத்தில தண்ணிக்கு மேல இருக்கு" என்றார். ஆசிரியர் அந்தப் படத்தை விற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோணியைத் திரும்ப வரைகிறார். நம் கண்காட்சியில் வந்த விருந்தினர் ஒருவர் இதற்கு முன் எந்தப் படத்தையாவது இப்படித் திருத்தியதுண்டா என்று நீங்களே யோசியுங்கள்.

இனி வருத்தமான பகுதி. மாதாந்த அமர்வுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அதே முகங்கள். அங்கத்தவர் பட்டியலில் இருப்பவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோரை நான் கண்காட்சி அன்று மட்டுமே கண்டேன். அன்று அவர்கள் சுவரில் நல்ல இடம் கேட்டார்கள், சான்றிதழும் கேட்டார்கள். இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் மாதம் ஒரு காலைப்பொழுதுகூடத் தராதவர்களுக்கும், வெயிலில் ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் கொப்பியோடு வரும் பிள்ளைக்கும் ஒரே சான்றிதழைக் கையொப்பமிட்டுக் கொடுக்கும்போது எனக்கு மனம் நோகிறது. வேலை, குடும்பம், உடல்நலம் எல்லோருக்கும் உண்டு. வரமுடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லலாம். தேநீர் ஊற்றி வைத்துக் காத்திருப்பது வீட்டுக்கார அம்மாதான்.

சந்தா விடயமும் அப்படியே. ஞாபகமூட்டும் கடிதங்கள் அனுப்பினேன், தொலைபேசியில் பேசினேன், சிலரிடம் நேரிலும் கேட்டேன். பெரிய தொகை இல்லை, ஒரு நல்ல தூரிகையின் விலைக்கும் குறைவு. இரண்டு வருடச் சந்தா நிலுவையில் உள்ளவர்கள் யாப்பின்படி வாக்களிக்க முடியாது. இன்று அந்த விதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் பட்டியலை நான் வாசிக்கவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் சந்தாவும் நலன்விரும்பிகளின் அன்பளிப்பும் வரவு. கண்காட்சி, துணி, பூச்சு, பயணம் ஆகியவை செலவு. கையில் சிறு மீதி உண்டு. படம் விற்ற வகையில் சங்கத்துக்கு வரவேண்டிய பங்கு சிலரிடமிருந்து இன்னும் வரவில்லை. கொப்பிகள் வாங்கிய செலவு சங்கக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்காய்வாளருக்கும், போசகர்களுக்கும், கண்காட்சிக்குத் துணைநின்ற பிரதேச கலாசார உத்தியோகத்தருக்கும், பிள்ளைகளை அனுப்பிய பாடசாலைகளின் சித்திர ஆசிரியர்களுக்கும், விறாந்தையைத் தந்த குடும்பத்தாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த வருடத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறேன். விறாந்தை இனிப் போதாது. மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது, கொப்பிகள் நனைகின்றன. கதவுள்ள ஓர் அறை வேண்டும், வடக்குப் பக்கம் யன்னல் இருந்தால் மிக நல்லது. நகருக்குள்ளோ கல்லடி, ஆரையம்பதிப் பக்கமோ பாவிக்காமல் பூட்டிக் கிடக்கும் அறை அங்கத்தவர்கள் சிலரிடம் இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் இன்று கூட்டத்துக்கு வந்திருப்பது மகிழ்ச்சி. புதிய நிருவாகசபைக்கு யாரைத் தெரிவுசெய்தாலும் வேலைக் கொப்பியைக் கைவிடக்கூடாது என்பது என் வேண்டுகோள். செயலாளர் பதவிக்கு வேறொருவர் முன்வந்தால் கோப்புகள் எல்லாவற்றையும் முழு மனதோடு ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால், வருபவர்கள் வருவார்கள் என்ற உறுதி கிடைத்தால், தொடர்ந்து செய்ய எனக்குச் சம்மதம்.

அடுத்த அமர்வு இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, அதே வீட்டில். புதிதாகச் சேர விரும்புபவர்களுக்குக் கொப்பி என்னிடம் உண்டு. சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் பொருளாளர் வாசலருகே உள்ள மேசையில் இருப்பார். கூட்டம் முடிந்த பிறகும் சற்று நேரம் இருப்பார்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்
மட்டக்களப்பு