சந்தேகம் வந்துட்டா அடுத்து என்ன பண்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

டீன்ஏஜ் பசங்க போதைப் பழக்கம் பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அறிகுறி லிஸ்ட்டோட நிறுத்திட்டீங்க. கண்ணு சிவந்திருக்கு, ராத்திரி தூங்கல, பழைய ஃப்ரெண்ட்ஸ விட்டுட்டான், வீட்ல காசு காணாம போகுது, இதெல்லாம் போதையாவும் இருக்கலாம், சிலது டிப்ரெஷனாவும் இருக்கலாம், ஒண்ண மட்டும் வச்சு பிள்ளை மேல பழி போடக்கூடாது.

நிறைய பேர் உடனே யூரின் டெஸ்ட் கிட் வாங்கிடறாங்க. எப்பவாவது கஞ்சா அடிக்கிறவனுக்கு சில நாள்தான் காட்டும், தினமும் அடிச்சா வாரக்கணக்குல காட்டும், சில இருமல் மருந்துக்கே தப்பா பாசிட்டிவ் வரும், சிந்தடிக்னு சொல்ற, லேப்ல செயற்கையா தயாரிக்கிற போதை அயிட்டம் பலது சாதாரண கிட்ல மாட்டவே மாட்டாது. இதை நம்பி என்னன்னு சண்டை போடுவீங்க?

போதைல இருக்கும்போது பேசாதீங்க, தெளிஞ்சப்புறம் பக்கத்துல உக்காந்து "என்னடா, தூக்கமே வரலியா"ன்னு கேளுங்க, பதில் வரலன்னா விட்டுட்டு மறுநாள் கேளுங்க.

முக்கியமா, குடியோ தூக்க மாத்திரையோ தினமும் பழகின பிள்ளைய ரூம்ல பூட்டி ஒரேயடியா நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் வேணும். எழுப்பியும் எழுந்திருக்கல, மூச்சு ரொம்ப மெதுவா போகுதுன்னா ஆம்புலன்ஸ கூப்பிட்டு ஒருக்களிச்சு படுக்க வைங்க, என்ன எடுத்தான்னு தெரிஞ்சத மறைக்காம சொல்லிடுங்க, மானம் மரியாதை பாக்குற நேரம் இல்ல அது.

ஒரு மனநல டாக்டர்கிட்ட கேட்டு இதையெல்லாம் விரிவா எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி