நிலவு மண்ணில் சூரியனின் கரி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் இப்போது தெளிவாகத் தெரிகிறது. பழையபடி படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைப் பற்றிப் படித்தோமே, நினைவிருக்கிறதா? காற்றிலுள்ள நைட்ரஜன் மீது நியூட்ரான் மோதி உண்டாகிறது, 5730 ஆண்டில் பாதி அழிகிறது என்று. காற்றே இல்லாத நிலவிலும் அது இருக்கிறதடா! அங்கே பாறையிலுள்ள ஆக்சிஜனை விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் உடைப்பதால் உண்டாகிறது. அதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

1970களில் அமெரிக்காவில் எட்வர்ட் ஃபயர்மன் குழுவினர் அப்போலோ விண்கலங்கள் நிலவிலிருந்து கொண்டுவந்த மண்ணைச் சிறிது சிறிதாகச் சூடேற்றினார்கள். துகளுக்கு உள்ளே பிறந்த கார்பன், துகள் உருகும்போதுதான் வெளிவரும். ஆனால் அதற்கு முன்பே, குறைந்த வெப்பத்திலேயே, கொஞ்சம் கார்பன்-14 வந்தது. அது மேல்தோலில் ஒட்டியிருந்தது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்று கொண்டுவந்து பதித்தது என்றார்கள். நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் அந்த அணுக்கள் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆழம்கூட இறங்குவதில்லை. நிலவில் காற்றும் இல்லை, தடுக்கிற அளவுக்குக் காந்தப்புலமும் இல்லை. வந்தது அப்படியே மண்ணில் தங்கிவிடுகிறது.

பிறகு 1995இல் ஜல், லால், டோனஹ்யூ என்ற விஞ்ஞானிகள் மூவரும் முடுக்கி நிறைமானியால் அளந்து, வெளியிலிருந்து வந்து பதிந்த கார்பன் உண்டு என்று எழுதினார்கள். கதிர்வீச்சு வரும்வரை காத்திராமல் அணுக்களையே எண்ணும் கருவி அது. துளி மண் போதும். லால் என்றால் நம் தேவேந்திர லால்தான். காசியில் பிறந்து, பம்பாய் டாடா ஆய்வு நிலையத்தில் வளர்ந்து, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக இருந்தவர். அவர் பெயரை அங்கே பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. அவரைப் பற்றி நீதானே எனக்கு முதலில் சொன்னாய்?

இரண்டு நாளாக மனதில் ஓடுவது இதுதான். சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. அது பிறந்தபோது இருந்த கார்பன்-14 எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். ஆகவே அந்த மண்ணில் ஒட்டியிருப்பது, சூரியனின் மேற்பரப்பில் வெடிப்புகளில் சீறும் துகள்கள் அணுக்களை உடைத்து அண்மையில் உண்டாக்கியதாகத்தான் இருக்க வேண்டும். அண்மை என்றால் சில ஆயிரம் ஆண்டு.

இதில் எனக்கு ஒரு சந்தேகம். அந்த வெடிப்புகள் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் நடந்தனவா? நீ கணக்கில் கெட்டிக்காரன், யோசித்து எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். பேத்தியைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சுந்தரம்