வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. விதைப் பரிமாற்றமும் வழமைபோல் நடந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே, இந்த வருடம் நாங்கள் அதிகம் மினக்கெட்ட விடயத்துக்கு நேரே வருகிறேன்: பைப் பொருத்தியது.

ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதுதான் எங்கள் கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கரையோரக் கிணறுகள் உவராகிவிடும். வாய்க்காலில் விட்டால், பாத்திக்குப் போய்ச் சேருமுன்னமே செம்பாட்டு மண் ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது. அதனால்தான் சொட்டு நீருக்கு மாறுவதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தினோம். கை உயர்த்துவது சுலபம்.

முதல் ஒழுக்கு என் வளவில்தான். ஒரு இஞ்சி பிவிசி பைப்பை வாழையடியில் எல்போ என்கிற வளைவுத் துண்டை வைத்துத் திருப்பி, கம் பூசி, அரை மணித்தியாலத்தில் மோட்டரைப் போட்டேன். எல்போ கழன்று வேலித் தகரத்தில் போய் அடித்தது. பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தம்பி, ஒரு நாள் பொறுக்கேலாதே?"

பிறகு அவரே வந்து செய்து காட்டினார். கம் என்று சொன்னாலும் அது வெறுமனே ஒட்டுகிற பசை அல்ல. பைப்பின் வெளிப்பக்கத்தையும் எல்போவின் உட்பக்கத்தையும் இளக வைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் ஊத்தையோ ஈரமோ இருக்கக் கூடாது. வாளால் நேராக அறுத்தார், பிசிறை அரத்தால் எடுத்தார். கம் பூசாமல் ஒருமுறை செருகிப் பார்த்து, எவ்வளவு உள்ளே போகிறதென்று பென்சிலால் கோடு போட்டார். எல்போவுக்குள் மெல்லிதாக, பைப்பில் சற்றுத் தாராளமாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பியபடியே கோடுவரை தள்ளினார். தள்ளியவர் கையை எடுக்கவில்லை. அரை நிமிடம் அமத்திப் பிடித்தபடி நின்றார். எல்போவின் வாய் உள்ளே போகப் போக ஒடுங்குவதால், உடனே விட்டால் பைப் தானாகப் பின்னுக்கு வரும். நான் அன்றைக்குப் பூசியதும் விட்டுவிட்டேன். பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிட்டு, "மோட்டர் நாளைக்குத்தான்" என்றார். சரி என்றேன்.

பாத்திகளுக்குள் சொட்டு நீரைக் கொண்டுபோகும் கறுப்புக் குழாய் வேறு சாதி. அது பொலித்தீன் இனம், இந்தக் கம் அதில் பிடிக்காது. எங்கள் அக்கா ஒருவர் பேணி முழுவதையும் அதில் தீர்த்துப் பார்த்துவிட்டார், பெயர் சொல்லமாட்டேன். நுனியைச் சுடுநீரில் தோய்த்து, இளகியதும் முள்ளு வைத்த இணைப்பில் ஏற்றி, கிளிப் போட்டு இறுக்கினால் போதும். மரை உள்ள இணைப்புகளுக்கு ஒழுக்கை மறிக்கிற வெள்ளை ரேப் நாடாவை மரை இறுகும் பக்கமாகவே சுற்றுங்கள். ஸ்பனரால் பலத்தைக் காட்டினால் சொக்கற் வெடிக்கும். எங்களுக்கு வெடித்தது.

கடையொன்றில் வாங்கிய கம், பேணியைத் திறக்கும்போதே களி போல இருந்தது. தின்னர் விட்டு இளக்கிப் பூசினோம். அந்த மூட்டுகள் ஒழுகின. இறுகிய கம்மை எறிந்துவிடுவதுதான் இலாபம்.

கேத்திலில் வெள்ளை படிய வைக்கிற அதே தண்ணீர்தான் சொட்டுத் துளைகளையும் அடைக்கிறது. வடிகட்டி மண்ணை மறிக்கும், சுண்ணாம்பை மறிக்காது. அடைத்ததைக் கழற்றி வினாகிரியில் ஊறப்போடுகிறோம். வெயிலில் கிடக்கும் பிவிசி நாளடைவில் நொறுங்கும், ஆகவே புதையுங்கள் அல்லது பெயின்ற் அடியுங்கள்.

ஆளுக்கொரு பேணி வாங்கினால் மிச்சம் காய்ந்துதான் போகும் என்பதால், வாளும் கம் பேணியும் சங்கத்துக்குப் பொதுவாக வாங்கி என் வீட்டு விறாந்தையில் வைத்திருக்கிறோம். எடுப்பவர்கள் கொப்பியில் கையெழுத்து வைத்து, மூடியை இறுக்கித் திருப்பித் தரவும். போன மாதம் கொண்டுபோன பேணி இன்னும் வரவில்லை.

செயலாளர்